பூட்டில்லாத மென்பொருளும் பொது நூலகமும்

(தோட்ட வாசிகசாலைக் குழுக்களின் கூட்டமொன்றில் எமது நிதியத்தின் கல்விப் பிரிவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கணும், விறகுக்குப் போகணும், டவுனுக்குப் போய் சாமான் வாங்கணும். அத்தனையையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்கு நாம் பேசப் போவது கம்பியூட்டர் மென்பொருளைப் பற்றி. அதிலும், யாரும் திறந்து பார்க்கக்கூடிய, யாரும் பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடிய மென்பொருளைப் பற்றியும், அது பொது நூலகத்தின் வழியாக நம்முடைய பிள்ளைகளுக்கு எப்படி வந்து சேரலாம் என்பதைப் பற்றியும் பேசப் போகிறோம். "கொழுந்து எடுக்கிற எங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். பதில் கொழுந்து மடுவத்திலேயே இருக்கிறது.

தராசின் முகம்

கொழுந்து நிறுக்கும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? முள் தெரிகிற பக்கம்தான் நிற்கப் பார்க்கிறோம். சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறாங்க, ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறாங்க, கணக்கில் எவ்வளவு எழுதுறாங்க என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் பேர் அரைப்பேராகலாம். தராசின் முகம் நமக்குத் தெரிய வேண்டும் என்று நம்முடைய மக்கள் கேட்டு வந்திருப்பது இதற்காகத்தான்.

கம்பியூட்டருக்குள்ளும் இதுதான் நடக்கிறது. கம்பியூட்டர் தானாக எதையும் செய்யாது. "இதை எடு, அதைக் கூட்டு, இங்கே எழுது" என்று அதற்கு வரிசையாகக் கட்டளை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டளைத் தொகுப்புதான் மென்பொருள். சில கம்பனிகள் அந்தக் கட்டளைகளைப் பூட்டி வைக்கின்றன. காசு கொடுத்து வாங்கினவருக்கும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டமாட்டார்கள். பிரதி எடுத்துப் பக்கத்து வாசிகசாலைக்குக் கொடுத்தால் சட்டப்படி குற்றம். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

இன்னொரு வகை இருக்கிறது. அதற்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர். கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்வார்கள். முள்ளின் முகம் எல்லாருக்கும் தெரிகிற தராசு போன்றது அது. அதைப் பெற்றவர்களுக்கு நாலு உரிமை உண்டு.

முதலாவது, எந்தத் தேவைக்கும் அதைப் பயன்படுத்தலாம்.
இரண்டாவது, உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து படிக்கலாம்.
மூன்றாவது, பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம்.
நான்காவது, நமக்கு ஏற்றபடி மாற்றலாம், மாற்றியதையும் மற்றவருக்குக் கொடுக்கலாம்.

உள்ளே உள்ளதைப் படிக்க நம்ம எல்லாருக்கும் தெரியணும் என்றில்லை. தராசு பார்க்கத் தெரிந்த ஒருத்தர் நம்ம பக்கம் நின்றால் போதும் அல்லவா? அதே மாதிரி, உலகத்தில் எங்கேயோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் அதைத் திறந்து படித்துப் பிழை திருத்துகிறார்கள். திருத்தியது நமக்கும் வருகிறது.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் 1983இல் இந்த முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்பதை எழுதி, எல்லாருக்கும் பகிர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21. இன்று நம் கையில் இருக்கிற அன்ட்ரொய்ட் போன்களின் அடித்தளம் அந்த லினக்ஸ்தான். ஆகவே இது நமக்குப் புதிய சாமானில்லை. தெரியாமலே பையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறோம்.

நூலகம் ஏன்?

இதைப் பரப்ப ஏன் நூலகம்? பள்ளிக்கூடம் இருக்கிறது, டவுனில் கம்பியூட்டர் வகுப்பு இருக்கிறது, கடை இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு மட்டும். வகுப்புக்கு மாதக் கட்டணம். கடையில் காசு. சாதாரண தரம் எழுதின தம்பி, படிப்பை நிறுத்தின தங்கச்சி, வேலை முடிந்து வருகிற தாய், ஓய்வு பெற்ற தாத்தா என்று யார் வந்தாலும் "உள்ளே வாங்க" என்று சொல்கிற இடம் பொது நூலகம் ஒன்றுதான்.

நூலகத்தின் பழக்கமும் இந்த மென்பொருளின் பழக்கமும் ஒன்று. ஒரு புத்தகத்தை வாங்கி வைத்தால் நூறு பேர் படிக்கிறார்கள். திறந்த மென்பொருளை ஒருத்தர் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கொடுத்தவரிடம் அது குறைவதில்லை. கறிவேப்பிலைக் கன்றைப் பக்கத்து வீட்டுக்குப் பிடுங்கிக் கொடுத்தாலும் தாய்மரம் நம்ம வாசலில்தானே நிற்கிறது.

இதை வாய்ப்பேச்சுக்காகச் சொல்லவில்லை. நூலகங்களே முன்னின்று செய்து காட்டியிருக்கின்றன.

ஒரு சின்ன ஊர் நூலகம் செய்த காரியம்

நியூசிலாந்தின் வட தீவில் ஹொரோவெனுவா என்ற மாவட்டம் இருக்கிறது. அதன் முக்கிய ஊர் லெவின். பெரிய நகரமில்லை. அங்குள்ள நூலக நிதியம் புத்தகப் பதிவுக்குப் பழைய மென்பொருள் ஒன்றை வைத்திருந்தது. 1999இல் ஒரு சிக்கல் வந்தது. பழைய கம்பியூட்டர்கள் ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கத்தில்தான் எழுதும். 2000 பிறந்தால் "00" என்று வரும், அது 1900 என்று எண்ணிக்கொள்ளும். இரவல் கொடுத்த தேதி, திருப்ப வேண்டிய தேதி எல்லாம் குழம்பிவிடும்.

புதிதாக வாங்கலாம் என்று விலை கேட்டார்கள். கட்டுப்படியாகவில்லை. சின்னக் கிளை நூலகங்களுக்குச் சாதாரண டெலிபோன் லைன்தான் இருந்தது. விற்பனைக்கு வந்த மென்பொருள்களுக்கு அது போதவில்லை. அப்போது வெலிங்டனில் இருந்த கட்டிப்போ என்ற சிறிய நிறுவனம், "வாங்க வேண்டாம், புதிதாகவே எழுதிவிடலாம்" என்றது. நூலகத் தலைவி ரோசலி பிளேக் துணிந்து சம்மதித்தார். சில மாதத்தில் எழுதி முடித்தார்கள். 2000 ஜனவரி ஆரம்பத்தில் அது வேலை செய்யத் தொடங்கியது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் பெரிய காரியம். காசு போட்டுச் செய்ததைப் பூட்டி வைக்காமல், உலகத்துக்கே திறந்து கொடுத்தார்கள். அதற்குக் கோஹா என்று பெயர் வைத்தார்கள். அந்த நாட்டுப் பூர்வீக மக்களான மாவோரிகளின் மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. வாங்கிக்கொண்டவர் என்றாவது ஒருநாள் ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார் என்ற எண்ணத்தோடு கொடுக்கிற அன்பளிப்பு. நம்ம கல்யாண வீட்டு மொய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மொய் திரும்பியும் வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கிராமப்புறப் பொது நூலகம் கோஹாவை எடுத்துக்கொண்டது. நூலகங்கள் புத்தக விவரங்களைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்துகிற மார்க் என்ற பொது அமைப்பு அதில் இல்லை என்று கண்டு, அதைச் சேர்க்கக் காசு கொடுத்தது. சேர்த்தது லெவினுக்கும் கிடைத்தது, எல்லாருக்கும் கிடைத்தது. இப்படி ஒவ்வொரு நூலகமும் ஒன்றைச் சேர்த்து, இன்று உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான நூலகங்களில் கோஹா இயங்குகிறது. நம் நாட்டிலும் பல பல்கலைக்கழக நூலகங்கள் அதைத்தான் வைத்திருக்கின்றன.

பொதுச் சொத்து என்றால் யாராவது வேலி போடப் பார்ப்பார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை. இங்கேயும் நடந்தது. ஓர் அமெரிக்கக் கம்பனி கோஹா என்ற பெயரையே நியூசிலாந்தில் தன்னுடைய வியாபாரக் குறியாகப் பதியப் போனது. 2011இல் விஷயம் வெளியே வந்தது. சின்ன ஊர் நூலகம், "நாங்கள் கொடுத்த அன்பளிப்புக்கு நீங்கள் சொந்தம் கொண்டாடுவதா?" என்று எதிர்த்து நின்றது. பல நாட்டவரும் பக்கம் நின்றார்கள். கடைசியில் அந்தக் கம்பனிக்குப் பெயர் கிடைக்கவில்லை. பொதுவில் உள்ளதைக் காக்க ஆள் நிற்கணும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இன்னொரு உதாரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏராளமான கிராமத்துப் பொது நூலகங்கள் ஒரே பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. ஒரு நூலகத்தின் அட்டையை வைத்துக்கொண்டு வேறு ஊர் நூலகத்துப் புத்தகத்தையும் கேட்டு வாங்கலாம். விலைக்கு வாங்கிய மென்பொருள் அத்தனை நூலகங்களின் பாரத்தைத் தாங்கத் திணறியது. மாநில நூலகச் சேவை 2004இல் ஒரு சிறு குழுவை வைத்துச் சொந்தமாக எழுதத் தொடங்கியது. 2006 செப்டெம்பரில் 250க்கு மேற்பட்ட நூலகங்கள் அதற்கு மாறின. எவர்கிரீன் என்ற அந்த மென்பொருளும் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது.

இதில் நமக்கு என்ன சேதி? பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஆளுக்கு நூறு, இருநூறு புத்தகம் வைத்துக்கொண்டு தனித்தனியாக நிற்கிறோம். மேல் கணக்கில் உள்ள புத்தகம் பணிய கணக்குக்குத் தெரியாது. பட்டியலைச் சேர்த்தால் நூறு புத்தகம் ஆயிரமாகும்.

நம் நாட்டில்

இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது, காணாமல் போனவர் யார், முகாமில் இருப்பவர் யார், எந்த முகாமுக்கு என்ன சாமான் போகிறது என்று பதிவு செய்ய ஒரு வழியும் இருக்கவில்லை. நம் நாட்டுக் கம்பியூட்டர் இளைஞர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து, சில வாரத்தில் ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதற்கு சஹனா என்று பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதையும் திறந்துதான் கொடுத்தார்கள். அடுத்த வருடமே, 2005இல், பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அங்கே அது கைகொடுத்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. மண்சரிவு என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு, அந்த மென்பொருளின் அருமையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2005இல் தமிழ்த் தொண்டர்கள் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 புத்தகங்கள் சாம்பலாகின. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் படமெடுத்துச் சேர்க்கப்பட்டுள்ளன. மலையகத்து வெளியீடுகளும் அதில் உண்டு. யாரும் காசில்லாமல் படிக்கலாம். விக்கிப்பீடியா எந்தத் திறந்த மென்பொருளில் ஓடுகிறதோ, அதே மென்பொருளில்தான் அதையும் கட்டினார்கள். தமிழ் விக்கிப்பீடியாவையும் 2003 முதல் தொண்டர்கள்தான் எழுதி வருகிறார்கள். அதன் முன்னோடியான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

அரசாங்கமும் நெனசல என்ற பெயரில் அறிவு நிலையங்களைத் திறந்தது. தமிழில் அறிவகம் என்று சொன்னோம். 2014இல் அந்தத் திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. ஆனால் எல்லா அறிவகமும் இன்று இயங்கவில்லை. பெட்டி பழுதானதும் திருத்த ஆளில்லை என்றால், கதவும் மூடிவிடும். கம்பியூட்டரைக் கொண்டுவந்து இறக்கி ரிப்பன் வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. அதைத் தெரிந்த கை ஒன்று தோட்டத்திலேயே இருக்கணும்.

தோட்டத்துக்கு இதனால் என்ன பயன்?

முதலாவது, பழைய கம்பியூட்டர் வீணாகாது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கொழும்பில் ஓர் அலுவலகம் மாற்றிவிட்டுக் கொடுக்கிற பழைய பெட்டி. மைக்ரோசொப்ட் கம்பனி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. பல பழைய பெட்டிகள் அடுத்த பதிப்பை ஏற்காது. "இனி உதவாது" என்று சொல்லி ஒதுக்கப்படுகிற அந்தப் பெட்டியில் லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவற்றைப் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். பாதுகாப்புத் திருத்தமும் காசில்லாமல் வந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, தமிழ். ஒரு காலத்தில் பாமினி எழுத்தில் தட்டிய கடிதத்தை வேறு பெட்டியில் திறந்தால் குப்பையாக வரும். ஒருங்குறி என்ற பொது முறை வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. லிப்ரே ஆபீஸ், பயர்பொக்ஸ் போன்ற திறந்த மென்பொருள்களில் கட்டளைப் பெயர்களையே தமிழில் காட்டச் சொல்லலாம். இதை எந்தக் கம்பனியும் லாபம் பார்த்துச் செய்யவில்லை. தமிழ் தெரிந்த தொண்டர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். இதில் ஒரு சொல் நம்ம ஆட்களுக்கு விளங்கவில்லை என்றால் மாற்றச் சொல்லிக் கேட்கலாம், நாமே மாற்றியும் கொடுக்கலாம்.

மூன்றாவது, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் படிக்கலாம். சில லயத்தில் சிக்னல் இஸ்தோப்பில் கிடைக்கும், காம்பராவுக்குள் கிடைக்காது. டேட்டா போடக் காசும் வேண்டும். கிவிக்ஸ் என்று ஒரு திறந்த மென்பொருள் இருக்கிறது. டவுனில் ஒருமுறை தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்துவிட்டால், பிறகு வாசிகசாலையில் இன்டர்நெட் இல்லாமலே எல்லாரும் படிக்கலாம்.

நான்காவது, சின்னப் பிள்ளைகள். டக்ஸ் பெயின்ட் என்ற படம் வரைகிற மென்பொருளும், ஜிகொம்ப்ரி என்ற விளையாட்டு முறைப் பாட மென்பொருளும் இருக்கின்றன. எழுத்து, எண்ணிக்கை, மௌஸ் பிடிக்கப் பழக்கம் எல்லாம் விளையாட்டாகவே வரும். தாய் மலையில் இருக்கிற நேரம் பிள்ளை வாசிகசாலையில் உட்கார்ந்து படம் வரையட்டுமே!

ஐந்தாவது, நம்முடைய கணக்கு. மரண சகாய சங்கம், சீட்டு, கோயில் கமிட்டி, மாதர் சங்கச் சேமிப்பு என்று எத்தனை கணக்குக் கொப்பிகள்! லிப்ரே ஆபீஸில் உள்ள கணக்குத் தாளில் எழுதினால் கூட்டல் பிழை குறையும். சம்பளச் சீட்டை எடுத்து வைத்து, எத்தனை பேர், எத்தனை கிலோ, என்னென்ன வெட்டு என்று மாதாமாதம் நாமே எழுதி வைத்தால், கேள்வி கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

உரிமை நமக்கு உண்டு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பொது நூலகத்தை நடத்துவது யார்? மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டம் இருந்த நிலையில், தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் காசைச் செலவு செய்ய முடியாது என்றுதான் பல காலம் சொல்லி வந்தார்கள். "அது தோட்டத்துக் காணி, நிருவாகத்தைக் கேளுங்க" என்பார்கள். நிருவாகத்தைக் கேட்டால் "அது அரசாங்கத்து வேலை" என்பார்கள். சபைக்கு ஓட்டுப் போட்டோம், சபையின் சேவை மட்டும் தோட்டத்துக்குள் வரவில்லை. பாதைக்கும் இதே கதை, விளக்குக்கும் இதே கதை, வாசிகசாலைக்கும் இதே கதை.

2018இல் அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டத்தில் வாழும் மக்களுக்கும் பிரதேச சபை சேவை செய்ய வழி திறந்தது. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. இன்று கேட்பதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆகவே வாசிகசாலைக்குக் கம்பியூட்டர் கேட்பது யாரிடமும் கையேந்துகிற காரியமில்லை. வரியும் ஓட்டும் கொடுக்கிற குடிமக்கள் தங்கள் சபையிடம் கேட்கிற சேவை.

"சபையில் காசில்லை" என்று பதில் வரலாம். அங்கேதான் இந்த மென்பொருள் நமக்குத் துணை. "ஐயா, மென்பொருளுக்கு ஒரு சதமும் வேண்டாம். பழைய பெட்டி இரண்டு, மேசை, கரண்ட், பழக்கிக் கொடுக்க ஒரு நூலகர், இவ்வளவுதான் கேட்கிறோம்" என்று சொல்லலாம். கேள்வியைச் சின்னதாக்கினால் மறுப்பது கஷ்டம்.

வழக்கமாக வரும் சந்தேகங்கள்

"வேலைக்குப் போனால் மைக்ரோசொப்ட் வேர்ட் தெரியுமா என்றுதானே கேட்கிறாங்க?" உண்மைதான். லிப்ரே ஆபீஸில் கடிதம் எழுத, அட்டவணை போடப் பழகின பிள்ளை வேர்டுக்கு மாறச் சில நாள் போதும். ஒன்றில் எழுதியதை மற்றதில் திறக்கலாம். சில நேரம் வரி இடம் மாறும், சரிபார்க்கணும். வேலைக்கு அனுப்புகிற விண்ணப்பத்தைப் பி.டி.எப். ஆக்கி அனுப்பினால் அந்தத் தொல்லையும் இல்லை.

"டவுனில் கொப்பி அடித்த சி.டி. மலிவாகக் கிடைக்குதே?" கிடைக்கும். வைரசும் சேர்ந்து கிடைக்கும். அதோடு, பொது நூலகம் சட்டத்துக்கு மாறான பிரதியை வைக்க முடியாது. நேராகக் கொடுக்கிற ஒன்று இருக்கும்போது திருட்டுப் பிரதிக்குப் போக வேண்டிய அவசியம் என்ன?

"காசில்லாத சாமான் தரமாக இருக்குமா?" உலகத்து இணையத் தளங்களில் பெரும்பங்கு லினக்ஸில்தான் ஓடுகிறது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். மென்பொருளுக்குக் காசில்லை, பழகுவதற்கு நேரம் செலவாகும். சில பிரின்டர் உடனே சேராது. சில வேலைக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இதெல்லாம் உண்டு. தெரிந்துகொண்டே தொடங்குவோம்.

"கோஹாவை எங்கள் வாசிகசாலையில் போடலாமா?" இருநூறு புத்தகத்துக்கு அது பெரிய சட்டி. நமக்குக் கணக்குத் தாளில் ஒரு பட்டியல் போதும். பிரதேச சபையின் தலைமை நூலகம் கோஹாவைப் போட்டு, தோட்டத்து வாசிகசாலைகளைக் கிளையாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்பதுதான் சரி.

இனிச் செய்ய வேண்டியது

1. ஒவ்வொரு வாசிகசாலைக் குழுவும் இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். சாதாரண தரம், உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள்.

2. உள்ள புத்தகங்களை முதலில் எண்ணி எழுதுங்கள். பெயர், எழுதியவர், எங்கே இருக்கிறது என்ற மூன்று விவரம் போதும்.

3. தோட்டத்தில் சும்மா கிடக்கிற கம்பியூட்டர் எத்தனை என்று பாருங்கள். பாடசாலை, ஆபீஸ், பிள்ளை மடுவம் என்று விசாரியுங்கள். பழுதென்று ஒதுக்கியதையும் விடாதீர்கள்.

4. லினக்ஸைப் பென் டிரைவில் வைத்தே ஓட்டிப் பார்க்கலாம். பெட்டியில் உள்ளது அழியாது. பிடித்தால் மட்டும் நிரந்தரமாகப் போடுங்கள். போடுவதற்கு முன் உள்ளே உள்ள படங்களையும் கடிதங்களையும் வேறு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.

5. பிரதேச சபைச் செயலாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் தமிழில் கடிதம் எழுதுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பம் வாங்குங்கள்.

6. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நூலகச் சேவைக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், அதில் தோட்டப் பகுதிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தகவல் கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

அன்பானவர்களே, லெவின் ஊர்க்காரர்கள் பெரிய பணக்காரர்களில்லை. கையில் காசு போதாமல்தான் அவர்கள் சொந்தமாக ஒன்றைச் செய்தார்கள். செய்ததைப் பூட்டி வைக்காமல் கொடுத்தார்கள். அந்த அன்பளிப்பு நமக்கும் சேர்த்துத்தான். அதை எடுத்துக்கொள்ள நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது ஒரு மேசை, ஒரு பெட்டி, நாலு மணிக்குப் பிறகும் திறந்திருக்கிற ஒரு கதவு. மலையிலிருந்து இறங்கி வருகிற தாயும் தகப்பனும் உள்ளே வரக்கூடிய நேரம் அதுதானே.

எடுத்துக்கொண்ட பிறகு நாமும் ஏதாவது சேர்ப்போம். தமிழ் விக்கிப்பீடியாவில் நம்ம தோட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நம்ம பிள்ளைகள் எழுதட்டும். பாட்டிமார் சொல்கிற கதைகளைப் பதிவு செய்யட்டும். லயத்துப் பெட்டியில் கிடக்கிற பழைய சஞ்சிகை, சங்கத் துண்டுப் பிரசுரம் எதுவாக இருந்தாலும் அடுப்பில் போடாமல் வாசிகசாலைக்குக் கொண்டுவாருங்கள். அதைப் படமெடுத்து வைத்தால் அதுவும் ஒரு மொய்தான்.

கேள்விகள் இருந்தால் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசுவோம்.